படிக்கட்டில் எட்டுப் பேர்

அந்த நீர்மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் வாசலில் நின்றாள். காவலாளிக்கு அவள் வரப்போவது தெரியாது. உள்ளே போன் போட்டார். எடுத்தவருக்கும் தெரியவில்லை. "ஹெச்.ஆர்.ல புதுசா யாராவது வர்றாங்களா?" என்று அவர் அவளிடமே கேட்டார்.

"ஆமாங்க, நான்தான் அது."

"அப்போ ஹெச்.ஆர்.ல கேட்டுட்டுச் சொல்றேன், இருங்க," என்று வைத்துவிட்டார். ஹெச்.ஆர். பிரிவில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார வேண்டியவள்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கு முன் ஒன்பது வருடம் அவள் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தவள். வருகிறவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும், அவர் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று பழகியவள். மகளுக்கு நான்கு வயதானதும் ராத்திரி ஷிஃப்ட் ஒத்துவராமல் பகல் வேலை தேடி இங்கே வந்தாள். மின்சாரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், சுவிட்சைப் போட்டால் வரும் என்பது மட்டும்தான்.

ஒருவழியாக உள்ளே போனபோது நிலைய மேலாளர் அவள் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார்.

"இதுல நூத்தி நாப்பத்து மூணு ஸ்லைடு இருக்கு. புதுசா வர்றவங்களை ஹால்ல உட்கார வச்சு ரெண்டு நாள் போட்டுக் காட்டணும். அவ்வளவுதான் வேலை. அடுத்த பேட்ச் மூணு வாரத்துல வருது, எட்டுப் பேர். போன வருஷம் பத்தொன்பது பேரை எடுத்தோம்மா. மூணு மாசத்துக்குள்ள பதினொரு பேர் போயிட்டாங்க."

"ஏன் சார் போனாங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒருத்தரைப் போட்டோம். அவரும் போயிட்டாரு. அவரு சீட்டுதான் இப்ப உங்களுக்கு."

அன்றே அந்த ஸ்லைடுகளைப் பார்க்க உட்கார்ந்தாள். முப்பதாவதில் கொட்டாவி வந்தது. நாற்பத்தெட்டாவதில் கழுத்து தொங்கிவிட்டது. கண் விழித்தபோது திரையில் விடுமுறை விதிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் பழைய கோப்புகளைத் தேடி, வேலையை விட்டுப் போன பதினொரு பேருக்கும் போன் போட்டாள். நான்கு பேர்தான் எடுத்தார்கள். மூன்று பேர் சொந்தக் காரணம் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். நான்காவது ஆள் மட்டும் மனம் விட்டுச் சொன்னான்:

"மேடம், நான் அங்க எழுபத்தாறு நாள் இருந்தேன். கான்டீன் எங்க இருக்குன்னு தெரியும். கையெழுத்து எங்க போடணும்னு தெரியும். ஆனா அந்தத் தண்ணி எங்கேருந்து வந்து எங்க போகுதுன்னு ஒருத்தரும் காட்டல. வீட்ல தம்பி கேட்டான், 'நீ என்ன பண்றே அங்க?'ன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. அப்புறம் எதுக்கு இருக்கணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் மகள் கேட்டிருந்தால் அவளுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். அங்கே ஷிஃப்ட் இன்சார்ஜ் உட்கார்ந்திருந்தார். நிலையத்தில் அவருக்கு 'பிரேக்கர்' என்று பெயர், மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சின் பெயர். யார் பேசினாலும் பாதியில் டப்பென்று வெட்டிவிடுவார். எதிராளியின் பேச்சு அங்கேயே அணைந்துவிடும்.

"சார், எனக்கு இந்த நிலையத்தைச் சுத்திக் காட்டறீங்களா? வர்றவங்களுக்கு நான்..."

"இது ஹோட்டல் இல்லம்மா."

"தெரியும் சார். ஹோட்டலா இருந்தா இந்நேரம் நானே உங்களுக்குச் சுத்திக் காட்டியிருப்பேன்."

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரேக்கர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஹெல்மெட் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

கட்டுப்பாட்டு அறைக் கதவிலிருந்து கீழே டர்பைன் தளம் வரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு படிகள், எட்டுத் திருப்பங்கள். இறங்க இறங்க ஒரு முழக்கம் கூடிக்கொண்டே வந்தது. காதில் கேட்டதைவிட உள்ளங்காலில்தான் அதிகம் கேட்டது. முதல் இரண்டு திருப்பம் வரை பிரேக்கர் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் ஜெனரேட்டர் தெரிந்ததும் ஆரம்பித்தார். பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

"மேல அணையில நிக்கிற தண்ணி மலைக்குள்ள போட்டிருக்கிற குழாய்ல இறங்கி வருது. நாலு ஆள் கைகோத்து நின்னாலும் அணைக்க முடியாத குழாய். அது வந்து முட்டுற இடத்துல வட்டமா கதவுங்க இருக்கு. கேட்னு சொல்வோம். அதை எவ்வளவு திறக்கறமோ அவ்வளவு தண்ணி டர்பைனுக்குள்ள பாயும். இருபது சதம் திறந்தா மெஷின் எழுந்து நடக்கும். கரண்ட் இழுக்கற சுமை இல்லாம அறுபது திறந்தா தறிகெட்டு ஓடும். தானா டிரிப் ஆகி நின்னுடும். புரியுதா?"

"இருபதுக்கு நடக்கும், அறுபதுக்கு ஓடும்."

"ம்." அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு திருப்தி தெரிந்தது. "இன்னொண்ணு கேளு. ஒருநாள் நாடு பூரா கரண்ட் போகுதுன்னு வை. நிலக்கரி நிலையமெல்லாம் தானா எழுந்திருக்க முடியாது. அதைக் கிளப்பவே கரண்ட் வேணும். நமக்கு அப்படி இல்ல. தண்ணி இருக்கு, பேட்டரி இருக்கு, கதவைத் திறக்க அழுத்தத்துல எண்ணெய் இருக்கு. நாமதான் முதல்ல எழுந்து மத்தவங்களை எழுப்பணும்."

அவளுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. "சார், இதை ஏன் அந்த ஸ்லைடுல போடல?"

பிரேக்கர் அடுத்த திருப்பத்துக்கு இறங்கினார். இந்த முறை பேச்சை வெட்டவில்லை.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேசையில் பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு, வரப்போகும் எட்டுப் பேருக்கும் போன் போட ஆரம்பித்தாள். வாசலில் யார் நிற்பார், எங்கே உட்காரலாம், முதல் நாள் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். கடைசியில் பாதுகாப்புக் காலணிக்காகக் கால் அளவைக் கேட்டாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் மகளுக்கு ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏய், கரண்ட் ஆபீஸ்ல சேர்ந்தியா, செருப்புக் கடையில சேர்ந்தியா?"

"சும்மா இருங்க. அங்க ஸ்டோர்ல எல்லாமே பத்தாம் நம்பர்தான் இருக்கு. அஞ்சாம் நம்பர் கால் உள்ளவ முதல் நாளே கப்பல்ல காலை விட்ட மாதிரி நடக்கணுமா?"

தையல் மெஷினில் இருந்த நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். கணவனுக்கு அக்கா, இவர்களோடுதான் இருந்தாள். "விடு தம்பி. நான் முதல்ல வேலைக்குப் போன கம்பெனியில கழிவறை எங்கன்னு கேட்கவே எனக்கு மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் தண்ணியே குடிக்கல."

"அதையும் எழுதிக்கறேன் அண்ணி," என்று அவள் குறித்துக்கொண்டாள்.

எட்டுப் பேரும் ஒரு திங்கள்கிழமை காலை வந்தார்கள். அவள் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தாள். காவலாளி அட்டைகளைத் தயாராக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் அவரவர் படமே இருந்தது. வந்தவர்களில் பன்னிரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஓர் ஆள் உண்டு. லிஃப்ட் பழுது பார்த்த ஒரு நடுவயதுப் பெண்ணை முதல் மணி நேரத்திலேயே எல்லாரும் 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கல்லூரியிலிருந்து நேராக வந்த நெட்டையான பையனுக்கு ஒட்டடைக்குச்சி என்று கண்டக்டர் பெயர் வைத்தார். ஒரு வெல்டர், டிப்ளமோ முடித்த இரண்டு தோழிகள், மருந்துக்கடையில் இருந்த ஒருவர், டிராக்டர் ஓட்டிய ஒருவர் என்று மற்றவர்கள்.

ஹாலில் உட்கார வைக்காமல் நேராகப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள். பிரேக்கர் முன்னால் இறங்கினார். அவளிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னார், இன்னும் ஆவேசமாக. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவரை நிறுத்தி, "இது உங்க இடம். இங்கேருந்து என்ன தெரியுது, எந்தக் கதவு எங்க போகுது, நல்லாப் பாத்துக்குங்க. மதியம் மத்த ஏழு பேருக்கும் நீங்கதான் சொல்லிக் காட்டணும்," என்றாள் அவள். மதியம் கண்டக்டர் தன் திருப்பத்தில் நின்று, "கேபிள் அறை இறங்கறவங்கல்லாம் இறங்கலாம்!" என்று குரல் கொடுத்தபோது கீழ்த்தளம் வரைக்கும் சிரிப்பு போனது.

வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் அவளிடம் தனியாக வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வேற இடத்துலயும் கூப்பிட்டிருக்காங்க. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கே எனக்கு இங்க ஒரு வேலை இருக்குமான்னு தெரியல. பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு நான் என்ன டூரிஸ்ட்டா?"

அவளுக்கு முகம் வாடிப்போனது. "நாளைக்கு ஒரு நாள் பாருங்க," என்று மட்டும் சொன்னாள். நாளைக்கு அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று அவளுக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, எட்டுப் பேரும் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது, முழக்கம் மாறியது. முதலில் மேலே ஏறியது. அப்புறம் இறங்கியது. இறங்கிக்கொண்டே போய் நின்றுவிட்டது. விளக்குகள் அணைந்தன. பேட்டரி விளக்குகள் மட்டும் மங்கலாக எரிந்தன. கட்டுப்பாட்டுப் பலகையில் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கின.

தனி லைன் போன் அடித்தது. எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் மையத்திலிருந்து. பிரேக்கர் கேட்டார், கேட்டார், வைத்தார்.

"மொத்த கிரிட்டும் விழுந்துடுச்சு. எங்கயும் கரண்ட் இல்ல. நம்மை எழுந்திருக்கச் சொல்றாங்க."

அவர் குரலில் பயம் இல்லை. இருபத்தாறு வருடம் காத்திருந்த ஆளின் குரல் அது. ஆனால் நிலைமை சரியில்லை. மூன்று இயந்திரங்களில் ஒன்றைப் பராமரிப்புக்காகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒன்றில் ஏதோ கோளாறு காட்டியது. மிச்சம் இருந்தது ஒன்று. மேலிருந்து அதன் கதவுகளை இயக்கும் பலகை பழுதுபார்க்க அனுப்பப்பட்டிருந்ததால், கீழே டர்பைன் தளத்தில் நின்று கையால்தான் கிளப்ப வேண்டும். டீசல் ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. அது ஓடாவிட்டால் எண்ணெய் அழுத்தம் ஏற வழியில்லை. இருக்கிற அழுத்தத்தில் கதவுகளை ஒரே ஒரு தரம்தான் திறக்க முடியும்.

கீழ்த்தள ஆபரேட்டர் ஏற்கெனவே ஓடி இறங்கியிருந்தார். பிரேக்கர் இன்டர்காமை எடுத்தார். செத்துக் கிடந்தது. வாக்கி டாக்கி கரகரத்தது. அத்தனை கான்கிரீட்டுக்குள் அதன் குரல் போகவில்லை.

"யாராவது கீழ ஓடுங்க! ஓடி வந்து சொல்லுங்க!" என்றார்.

"சார், ஒரு தரம் இறங்கி ஏறவே அஞ்சு நிமிஷம் ஆகும்," என்றார் பலகைக்கு முன்னால் நின்ற உதவிப் பொறியாளர். அவரையும் அங்கிருந்து நகர்த்த முடியாது.

அவள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"சார், படிக்கட்டுல எட்டுத் திருப்பம். என்கிட்ட எட்டுப் பேர் இருக்காங்க. நேத்து நின்ன இடத்துலயே நிக்கட்டும். நீங்க சொல்றதைக் கைமாத்தி கைமாத்தி கீழ கொண்டுபோவாங்க. மேல கதவுல நான் நிக்கறேன்."

"சொன்னதைச் சொன்னபடி சொல்வாங்களா? ஒரு நம்பர் மாறினா..."

"ஹோட்டல்ல ரூம் நம்பரை மாத்திச் சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சார். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சரின்னு வந்த பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போகும்."

பிரேக்கர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற எட்டு முகங்களையும் ஒரு தடவை பார்த்தார். "யாரும் படிக்கட்டை விட்டு நகரக் கூடாது. எதையும் தொடக் கூடாது. போங்க!"

எட்டுப் பேரும் இறங்கியதைப் பார்க்க வேண்டுமே! கைப்பிடியைப் பிடித்தபடி, பேட்டரி வெளிச்சத்தில், ஒருவர் பின்னால் ஒருவர், அவரவர் திருப்பம் வந்ததும் சட்டென்று நின்றுகொண்டார்கள். யாரும் யாரையும் 'எங்கே நிற்பது' என்று கேட்கவில்லை. முதல் திருப்பத்தில் கண்டக்டர், கடைசித் திருப்பத்தில் அக்கா. "ரெடி!" என்று கீழேயிருந்து ஒவ்வொரு குரலாக ஏறி வந்தது.

"எண்ணெய் அழுத்தம் எவ்வளவுன்னு கேளு," என்றார் பிரேக்கர்.

கேள்வி இறங்கியது. பதில் ஏறியது. "முப்பத்தொன்பது!" என்று கண்டக்டர் கதவுக்கு வெளியே முழங்கினார். அவள் திருப்பிச் சொன்னாள். "ரைட்!" என்றார் கண்டக்டர், பழக்க தோஷத்தில்.

"போதும். மெஷின் பிரேக்கை எடுக்கச் சொல்லு."

இறங்கியது. "எடுத்தாச்சு!" ஏறியது.

பிரேக்கர் மூச்சை இழுத்துக்கொண்டார். "கேட் இருபது திறக்கச் சொல்லு."

"கேட் இருபது!" என்றாள் அவள். கண்டக்டர் திருப்பிச் சொல்லி அனுப்பினார். குரல் கீழே கீழே போய்ச் சிறுத்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பதில் வரவில்லை. மெஷின் சத்தமும் வரவில்லை.

"என்ன ஆச்சு?" என்று பிரேக்கர் உள்ளேயிருந்து கத்தினார்.

கீழே ஏழாவது திருப்பத்தில் வெல்டர் நின்றுகொண்டிருந்தார். ஆறாவதில் இருந்த ஒட்டடைக்குச்சி அவருக்குச் சொன்னது, "கேட் அறுபது!" அந்தச் சுவர்களுக்கு நடுவே எதிரொலியில் இருபதும் அறுபதும் எழுபதும் ஒரே மாதிரிதான் கேட்டன. வெல்டர் அதை அக்காவுக்கு அனுப்பவில்லை. மேலே பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்:

"நில்லுங்க! அறுபது இருக்காது! நேத்து அவர் சொன்னாரே, இருபதுக்குத்தான் நடக்கும்னு! இருபதா அறுபதா? ஒவ்வொரு நம்பரா சொல்லுங்க! ரெண்டு சைபரா, ஆறு சைபரா?"

கேள்வி ஆறு திருப்பம் ஏறி அவளிடம் வந்தது. பிரேக்கரும் அதைக் கேட்டுவிட்டார். முகம் வெளுத்தது.

"ரெண்டு சைபர்!" என்று அவரே கதவுக்கு ஓடி வந்து கத்தினார். "ரெண்டு! சைபர்!"

"ரெண்டு! சைபர்!" "ரெண்டு! சைபர்!" எட்டுக் குரல்கள் இறங்கின.

அப்புறம் அது வந்தது. முதலில் கைப்பிடியில் ஒரு நடுக்கம். அடுத்துத் தண்ணீர் பாயும் இரைச்சல். படிக்கட்டு முழுக்க யாரோ கனமாக மூச்சு விடுவது போல ஒரு முழக்கம் கிளம்பியது.

"வேகம், ஒண்ணு சைபர் சைபர்!" என்று வந்தது. அவள் திருப்பிச் சொன்னாள். "ஒண்ணு எட்டு சைபர்!" "ரெண்டு நாலு சைபர்!" ஒவ்வொரு எண்ணும் ஏறி வரும்போது குரல்கள் வேகமாகிக்கொண்டே வந்தன. டிப்ளமோ தோழிகள் இருவரும் இரண்டாவது மூன்றாவது திருப்பத்தில் பாட்டுப் போலச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "மூணு சைபர் சைபர்! நிலையா நிக்குது!"

"முன்னூறு சுத்து, முழு வேகம் வந்தாச்சு," என்றார் பிரேக்கர். பேட்டரியிலிருந்து ஜெனரேட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சைத் திருகினார். வோல்ட் மீட்டரின் முள் படுத்துக் கிடந்தது. அசைந்தது. எழுந்தது. தன் இடத்துக்கு வந்து நின்றது. பிரேக்கர், மின்சாரத்தை வெளியே அனுப்பும் பிரேக்கரை மூடி இணைத்தார்; தடாலென்று ஒரு சத்தம்.

விளக்குகள் எரிந்தன. கட்டுப்பாட்டு அறையில், தாழ்வாரத்தில், படிக்கட்டில் மேலிருந்து கீழே ஒவ்வொரு திருப்பமாக வெளிச்சம் இறங்கியது. அதன் பின்னாலேயே ஒரு கூச்சல் ஏறி வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை வரவில்லை.

"கத்தினது போதும், இனிமேதான் வேலை!" என்றார் பிரேக்கர். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்டர்காம் கடைசி வரை உயிர் பெறவில்லை. அதனால் எட்டுப் பேரும் அங்கேயே நின்றார்கள். மையத்திலிருந்து போன் வர வர, பிரேக்கர் லைனில் ஒவ்வொரு சுமையாக ஏற்றினார். முதலில் ஆஸ்பத்திரி. ஏற்றியதும் மெஷின் ஒரு முறை திணறி, முள் கீழே சரிந்தது. "ரெண்டு ஆறு!" என்று கேட் ஆணை இறங்கியது, மெஷின் நிமிர்ந்துகொண்டது. அப்புறம் குடிநீர் நீரேற்று நிலையம். அதற்கு அப்புறம், எண்பது மைல் தள்ளி இருளில் கிடந்த ஒரு நிலக்கரி நிலையத்துக்கு, அது தன் பாய்லரை மூட்டிக்கொள்ளப் போதுமான அளவு.

ஒரு மணி வாக்கில் போன் வந்தது. "அவங்க எழுந்துட்டாங்க," என்றார் பிரேக்கர். "இன்னும் கொஞ்ச நேரத்துல நம்மகூடச் சேர்ந்துப்பாங்க." அவள் அந்தச் செய்தியைக் கதவுக்கு வெளியே சொன்னாள். யாரும் கேட்காமலே அது எட்டுத் திருப்பமும் இறங்கி, டர்பைன் தளத்து ஆபரேட்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேயிருந்து அவர் அனுப்பிய பதில் ஒன்று ஏறி வந்தது: "அப்போ யாராவது எனக்கு ஒரு டீ கொண்டாங்க!"

மூன்று மணிக்குத்தான் அவர்களை மேலே கூப்பிட்டார்கள். தொண்டை கட்டி, கால் வலித்து, முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்கள். ஒட்டடைக்குச்சி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பிரேக்கர் முன்னால் நின்றான்.

"சார், அந்த அறுபது... எனக்குத்தான் தப்பாக் கேட்டுச்சு."

"தப்பாக் கேட்கும். அந்த இடத்துல எனக்கும் தப்பாத்தான் கேட்டிருக்கும். இனிமே இந்த நிலையத்துல யாரும் இருபதுன்னு சொல்ல மாட்டாங்க. ரெண்டு சைபர்தான்." பிறகு வெல்டர் பக்கம் திரும்பினார். அவர் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது வெல்டர் அவளைத் தேடி வந்தார். குரல் கரகரத்தது.

"மேடம், அந்த வேற இடத்துக்குப் போன் பண்ணிட்டேன். வரலைன்னு சொல்லிட்டேன்."

"இன்னும் ரெண்டு நாள் யோசிச்சுப் பாத்திருக்கலாமே?"

"என் பொண்ணு இப்பதான் பேசினா. 'அப்பா, ஸ்கூல்ல ஃபேன் ஓட ஆரம்பிச்சுடுச்சு'ங்கறா. யார் ஓட விட்டாங்கன்னு கேட்டேன். தெரியலைன்னா. இப்ப போய்ச் சொல்லணும். இதுக்கு மேல என்ன யோசிக்கறது?"

அவள் வீட்டுக்குள் நுழையும்போது வெயில் இன்னும் இருந்தது. நாத்தனாரின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, இன்னைக்குக் கரண்டே இல்ல தெரியுமா! அப்புறம் வந்துச்சு!"

"எப்ப வந்துச்சு?"

"ரெண்டேகால்," என்றான் கணவன். "ரோடெல்லாம் சிக்னல் இல்லாம ஒரே கூத்து. டி.வி.ல சொன்னாங்க, ஏதோ ஒரு நீர்மின் நிலையம்தான் முதல்ல..." பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "ஏய், உங்க இடமா?"

அவள் தலையாட்டினாள். சொல்ல வாயெடுத்தால் காற்றுதான் வந்தது. காலையிலிருந்து கத்தியதில் குரல் போயிருந்தது. நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "முதல்ல உட்காரு. சுடுதண்ணி குடி. அப்புறம் ஒண்ணு விடாமச் சொல்லணும்." அன்று அவள் கதையைக் கையாலும் கண்ணாலும்தான் சொல்லி முடித்தாள். மகள் வீட்டு நாற்காலிகளை எட்டுத் திருப்பமாக வரிசையில் போட்டு, "ரெண்டு! சைபர்!" என்று தூங்கப்போகும் வரை கத்திக்கொண்டிருந்தாள்.

இன்டர்காம் அந்த வாரமே சரியானது. எட்டுப் பேரும் சேர்ந்து எழுதிய முதல் புகார்க் கடிதமே அதைப் பற்றித்தான். நூற்று நாற்பத்து மூன்று ஸ்லைடுகள் பதினொன்றாகக் குறைந்தன. அதில் ஒன்றைப் பிரேக்கரே தயாரித்தார், எழுத்துப் பிழைகளோடு. மூன்று மாதம் கழித்து மேலாளர் கணக்குக் கேட்டபோது எட்டில் ஏழு பேர் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஊருக்கே திரும்பிவிட்டார். கிளம்பும் அன்று கடைசியாக ஒரு தரம் படிக்கட்டில் இறங்கி ஏறிவிட்டுத்தான் போனார். போன வருடத்து ஆட்களில் ஒருத்தன், அவளிடம் போனில் பேசிய அந்த எழுபத்தாறு நாள் ஆள், விண்ணப்பம் போட்டிருந்தான்: இடம் காலியா என்று கேட்டு.

அடுத்த பேட்சில் பதினான்கு பேர் வரப்போவதாக அவள் கான்டீனில் சொன்ன அன்று ஒரே ரகளை. முதல் நாள் யார் அவர்களைக் கீழே கூட்டிப்போவது என்று பேச்சு வந்தது. ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள்.

"எனக்குத்தான் குரல் இருக்கு," என்றார் கண்டக்டர்.

"குரலா முக்கியம்? காது முக்கியம்," என்றாள் அக்கா. எல்லாரும் ஒட்டடைக்குச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன், "அதுக்குத்தான் நான் போகணும். எங்க தப்பாக் கேட்கும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றான்.

"ஏன் சண்டை? பதினாலு பேர், ஆளுக்கு ரெண்டு பேர்," என்றார் வெல்டர்.

மூலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரேக்கர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அப்போ எனக்கு?" என்றார்.